பத்து, பற்று, பட்டு: ஒலிகளோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவங்களைச் சொல்லுங்கள்

டொரன்டோவிலிருந்து (சொந்த ஊர் சென்னை)

நானே தொடங்கி வைக்கிறேன். இங்கே வேலைக்கு வந்த முதல் மாதம். ஸ்கார்பரோவில் ஒரு சின்னக் கடையின் பலகையில் ‘ரீவி, றேடியோ திருத்தப்படும்’ என்று இருந்தது. ரீவி என்பது கடைக்காரரின் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். றேடியோவுக்கு ஏன் வல்லின றகரம் என்றும் புரியவில்லை.

உள்ளே போனேன். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். “ரீவியோ தம்பி? என்ன பிழை?” என்றார். பலகையில் ரகரம் இருக்கிறது, அவர் வாயிலிருந்து வந்ததோ அச்சு அசலாக ஆங்கிலேயர் சொல்லும் ‘டீவி’. இல்லை, ‘டீவி’ என்று நான் எழுதுவதே தவறு. நாக்கு மடியாத, பல்லிலும் படாத ஒரு ஒலி அது. கேட்டேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக் காட்டினார்: ரிக்கற், பற்றரி, ரயர். “வெள்ளைக்காரன் நாக்கை மடிக்கிறேல்லையே தம்பி. நீங்கள் ஏன் டானா போடுறியள்?”

மொழியியலில் முதுகலை படித்தவன் நான். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. தகரத்துக்கு நாக்கு நுனி பல்லைத் தொடும், டகரத்துக்கு மேலே மடிந்து அண்ணத்தைத் தொடும். ஆங்கில ஒலி இரண்டுக்கும் நடுவே, பல்லுக்குப் பின்னால் ஈறு மேடாக இருக்கிறதே, அங்கே பிறக்கிறது. சென்னைக்காரனான என் காதில் அந்த நடு இடமே கிடையாது. அதனால் கிட்டத்தில் இருந்த டகரத்தில் அதைச் சேர்த்துவிட்டேன். யாழ்ப்பாணத்தாரின் காதில் அந்த இடத்துக்கு ஒரு சொந்தக்காரர் ஏற்கெனவே இருக்கிறார்: பழைய றகரம். ‘காற்று’ என்பதை அவர்கள் சொல்லும்போது கவனியுங்கள். என் காத்தும் இல்லை, வானொலிச் செய்தியாளரின் ‘காட்ற்று’வும் இல்லை.

இப்படி ஒரு ஒலி உங்களை நிறுத்தி வைத்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து (பிறந்தது வடமராட்சி)

வணக்கம் தம்பி. நான் இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிப்பிக்கிறேன். றகரத்தை நாங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்பது சரி. ஆனால் ழகரத்தை எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு விட்டுவிட்டது. நாங்கள் பளம் என்றுதான் சொல்லுவோம், தமிள் என்றுதான் சொல்லுவோம்.

ஒருநாள் ஒரு பிள்ளை சொல்வதெழுதலில் ‘வாளைப்பளம்’ என்று எழுதியிருந்தது. நான் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். பிள்ளை அழாக்குறையாய், “ரீச்சர், நீங்கள் அப்பிடித்தானே சொன்னீங்கள்” என்றது. நான் ழகரம் சொன்னதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் போய் என் குரலைப் பதிவு செய்து கேட்டேன். பிள்ளை சரி. வலி, வளி, வழி மூன்றையும் வாசித்திருந்தேன். கடைசி இரண்டும் ஒன்றாகவே கேட்டன. ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு இது தெரிய வந்தது.

பிறகு அந்தப் பிள்ளைகளிடமிருந்தே ழகரத்தைப் படித்தேன். அவர்கள் இங்கே பிறந்தவர்கள். ‘கார்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். கடைசி ஒலியை விடாமல் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். அதில் ‘இ’யைச் சேர்த்தால் ‘காழி’ என்று கேட்டது. அந்தப் பிடியிலிருந்தே கோழி, வாழை, பழம் எல்லாம் வந்தன.

டொரன்டோவிலிருந்து

டீச்சரம்மா, நீங்கள் கண்டுபிடித்த வழி சரியானது. வட அமெரிக்க ஆங்கிலத்தின் அந்த ஒலி ழகரத்துக்கு மிக நெருங்கிய உறவு. ஒன்று மட்டும்: சில பிள்ளைகள் நாக்கு நுனியை வளைத்துச் சொல்வார்கள், சிலர் நடு நாக்கை மேலே குவித்துச் சொல்வார்கள், காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். குவிக்கிற பிள்ளைகளுக்கு நுனியை வளைக்கச் சொல்லிக்கொடுங்கள். 1999இல் பேச்சொலி ஆய்வாளர் ஸ்ரீகாந்த் நாராயணனும் அவரோடு சேர்ந்தவர்களும் தமிழ் பேசுபவர் ஒருவரின் வாயை எம்.ஆர்.ஐ.யில் படம்பிடித்து ல, ள, ழ, ர, ற ஐந்தையும் ஆராய்ந்தார்கள். ழகரத்துக்கு நாக்கு பின்னோக்கி வளைகிறது, ஆனால் அண்ணத்தை அடைப்பதில்லை. ‘கொஞ்சம் அழுத்திச் சொல்லு’ என்று சொல்லிக்கொடுத்தால் அது ளகரமாகிவிடும். அழுத்தவே கூடாது.

திருப்பூரிலிருந்து

எனக்கு மொழியியல் தெரியாது. எங்கள் பட்டறையில் பீகாரிலிருந்து வந்த ஒரு தம்பி வேலை செய்கிறான். தமிழ் கற்றுக்கொள்ள ஒரு நோட்டு வைத்திருக்கிறான், எல்லாவற்றையும் இந்தி எழுத்தில் குறித்துக்கொள்வான். ஒருநாள் ‘பாம்பு’ என்று எழுதிக் காட்டினேன். அவன் நோட்டில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் வேறு வேறு எழுத்து போட்டிருந்தான். தப்புப்பா, ரெண்டும் ஒரே ‘ப’தான் என்றேன். “இல்லண்ணா, வேற வேற” என்றான்.

நான் விடவில்லை, அவனும் விடவில்லை. கடைசியில் என் கையை எடுத்து என் தொண்டைமேலேயே வைத்தான். சொல்லுங்கண்ணா என்றான். முதல் பகரத்தில் தொண்டை சும்மா இருந்தது. இரண்டாவதில் அதிர்ந்தது. அன்றைக்கு முழுக்க தந்தை, தங்கம், தம்பி என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். ‘காக்கா’வில் ஒரு ககரம், ‘தங்க’த்தில் ஒன்று, ‘மக’னில் இன்னொன்று. நாற்பது வருடம் பேசியிருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.

அவன் மொழியில் அது விளையாட்டில்லை. முதல் எழுத்தில் தொண்டை அதிராமல் ‘பல்’ என்றால் நொடி, அதிர்ந்தால் பலம். நான் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதைப் பார்த்து அவன் குழம்பியது இப்போது புரிகிறது.

டொரன்டோவிலிருந்து

அருமை. இதைத்தான் ஒரே ஒலியனின் மாற்றொலிகள் என்போம். எது எங்கே வரும் என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடமே தீர்மானித்துவிடுவதால் நமக்குத் தனி எழுத்து தேவைப்படவில்லை. 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியபோது இதை ஒரு விதியாகவே சொன்னார். அவரும் வெளியிலிருந்து வந்த காது.

திருச்சியிலிருந்து, ஆய்வு மாணவி

றகரப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஒலியியல் வகுப்பில் எங்களுக்கு அண்ணப் பதிவு என்று ஒரு செய்முறை. கரித்தூளை ஆலிவ் எண்ணெயில் குழைத்து, சின்னத் தூரிகையால் நாக்கின் நுனியிலும் ஓரத்திலும் பூச வேண்டும். எச்சிலை விழுங்காமல் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். அப்புறம் வாயைத் திறந்து, கண்ணாடியை உள்ளே நீட்டி, அண்ணத்தில் எங்கே கறை ஒட்டியிருக்கிறது என்று படம் எடுக்க வேண்டும். வாய் கொப்பளித்துவிட்டு அடுத்த சொல்.

நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு தோழியும் சேர்ந்து செய்தோம். சொற்கள் மூன்று: பத்து, பற்று, பட்டு. அவளுடைய படங்களில் மூன்று கறை, மூன்று இடம். பத்துக்கு மேல்வரிசைப் பற்களின் பின்பக்கம் கறுத்திருந்தது. பட்டுக்கு ஈற்று மேட்டையும் தாண்டி, அண்ணத்தில் ஒரு பட்டை. பற்றுக்குப் பற்கள் வெள்ளையாக இருந்தன, அவற்றுக்குப் பின்னால் மேட்டில் மட்டும் கறை. என்னுடையதில் பத்தும் பற்றும் ஒரே கறை. நெற்றிக்குப் பத்துப் போடுவது என்றுதானே எங்கள் வீட்டில் சொல்வோம்.

அந்தப் படங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தபோது பள்ளியில் மனப்பாடம் செய்த புணர்ச்சி நினைவுக்கு வந்தது. பொன் + குடம் = பொற்குடம். மண் + குடம் = மட்குடம். னகரம் ஏன் றகரமாக வேண்டும், ணகரம் ஏன் டகரமாக வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. னகரத்துக்கு நாக்கை வைத்துக்கொண்டு, நாக்கை அசைக்காமல் மூச்சு மூக்கு வழியே போவதை மட்டும் அடைத்துப் பாருங்கள். கிடைப்பது தோழியின் றகரம்! ணகரத்தில் அதையே செய்தால் டகரம். தோழியை ‘பொற்குடம்’ சொல்லச் சொன்னேன். நாக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

எழுத்தொலிகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியலை அன்று இரவே எடுத்துப் படித்தேன். ரகர ழகரங்களுக்கு நாக்கு அண்ணத்தை ‘வருட’ என்கிறது. றகர னகரங்களுக்கு ‘ஒற்ற’ என்கிறது. ஒற்றுவது என்றால் அழுந்தத் தொடுவது. அதாவது றகரம் அன்று உருளும் ஒலி இல்லை, டகரம்போல அடைத்துத் திறக்கும் ஒலி. தேர்வுக்காக இந்தச் சூத்திரங்களைப் படித்திருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கரி பூசிய வாயோடு படித்தபோதுதான் அது ஒருவர் தன் நாக்கைக் கூர்ந்து கவனித்து எழுதிய குறிப்பு என்று தெரிந்தது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாகர்கோவிலிலிருந்து

எங்கள் பக்கம் மலையாளமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நாம் ந, ன என்று இரண்டு எழுத்து வைத்துக்கொண்டு ஒன்றுபோலவே சொல்கிறோம். மலையாளத்தில் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. அவர்களுடைய ‘பன்னி’யில் நாக்கு பல்லைத் தொடும், ‘கன்னி’யில் ஈற்று மேட்டைத் தொடும். மலையாளியான என் மனைவியிடம் கேட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்லிக் காட்டுகிறாள். ஆனால் நான் கேட்கும்வரை அவளும் அதைக் கவனித்ததில்லை. அங்கே எழுத்து மறைத்துவிட்டது, இங்கே எழுத்து காட்டிக்கொண்டே இருந்தும் நாக்கு மறந்துவிட்டது.

ரொறன்ரோவிலிருந்து (பிறந்தது வடமராட்சி)

திருச்சிப் பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு இந்தச் சனிக்கிழமை வகுப்பில் பத்து, பற்று, பட்டு மூன்றையும் சொல்ல வைத்தேன். கரி பூசவில்லை, கண்ணாடி மட்டும் கொடுத்தேன். பற்றுத்தான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அது எல்லாருக்கும் உடனே வந்துவிட்டது, ‘ரீவி’ சொல்லுகிற இடம்தானே. மாட்டிக்கொண்டது பத்து. ஆங்கிலத்தில் அவர்களுக்கு அந்த ஒலி இல்லை, அதனால் பத்தும் பற்றாகவே வந்தது.

‘திங்க்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது நாக்கு எங்கே நிற்கிறது என்று கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். அங்கேயே காற்று கசியாமல் அடைத்துச் சொல்லுங்கோ என்றேன். ஏழு பேரில் ஐந்து பேருக்கு வந்துவிட்டது. மற்ற இரண்டு பேரோடும் அடுத்த கிழமை திரும்பச் செய்துபார்க்கிறேன், அப்புறம் எழுதுகிறேன்.