ஓட்டுச்சில்லு வட்டம்

அம்மா எங்களோடு சென்னைக்கு வந்தபிறகு அம்பாசமுத்திரம் வீடு மூன்று வருஷம் பூட்டியே கிடந்தது. இந்தத் தையில், பொங்கல் கழிந்து பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். புறவாசல் கதவு திறக்கவில்லை. வெளிப்பக்கம் கோவைக்கொடி ஏறிக் கதவை இறுக்கியிருந்தது. முட்டித் தள்ளித் திறந்தால் இடுப்பளவுக்குப் பார்த்தீனியம். கிணற்றைக் கூடக் காணோம்.

உரக்கடையில் களைக்கொல்லி ஒரு பாட்டில் வாங்கிவந்தேன். உதவிக்கு, வயலில் களையெடுத்துப் பழகிய ஒரு ஆச்சியைக் கூப்பிட்டிருந்தேன். பாட்டிலைப் பார்த்ததும் அவர், "இத அடிச்சா உங்க அம்ம வச்சதும் சேர்த்துல்லா கருகிப்போவும்" என்றார். பாட்டில் திண்ணையிலேயே நின்றுவிட்டது.

கையால்தான் பிடுங்கினோம். மண்ணில் மழை ஈரம் மிச்சமிருந்ததால் பார்த்தீனியம் வேரோடு வந்தது. உறை போடாமல் பிடுங்கி எனக்கு முழங்கை வரை தடித்துப்போனது தனிக்கதை. கோரைதான் மானத்தை வாங்கியது. இழுத்தால் புல் மட்டும் கையோடு வரும், கிழங்கு கீழேயே தங்கிவிடும். களைக்கொத்தியால் தோண்டினால் ஒரு கிழங்கிலிருந்து நூல் மாதிரி ஓடி இன்னொரு கிழங்கு, அதிலிருந்து அடுத்தது. குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்ட இடத்தில் பக்கத்து வீட்டுப் பூனை விழுந்து புரண்டது. அந்த வேர் என்றால் பூனைக்குப் பைத்தியம். கீழாநெல்லியையும் மூக்கிரட்டையையும் ஆச்சி மடியில் கட்டிக்கொண்டார். அவருக்கு அதெல்லாம் களையே இல்லை.

இரண்டாம் நாள் துவைகல் பக்கம் களைக்கொத்தி எதிலோ 'டங்'கென்று பட்டது. ஓட்டுச்சில்லு. மண்ணைத் தள்ளினால் அடுத்தடுத்து சில்லுகள், வட்டமாக. அம்மா எதை நட்டாலும் சுற்றி உடைந்த ஓட்டைப் பதித்துவைப்பார், கோழி கிளறாமல் இருக்க. வட்டத்துக்குள் காய்ந்த வாழைச்சருகு மாதிரி நாலைந்து தாள். கல்வாழை பட்டுப்போய்விட்டது என்று நான் ஒதுக்கப்போனேன். ஆச்சி மண்ணுக்குள் கையை விட்டு ஒரு துண்டை ஒடித்து நீட்டினார். உள்ளே ஆரஞ்சு நிறம், நகக்கண்ணெல்லாம் மஞ்சள். மூன்று வருஷமாக யாரும் தோண்டாமல் தானே காய்ந்து தானே முளைத்து, ஒரு கூடை அளவுக்குப் பெருகியிருந்தது.

இரண்டாவது வட்டம் சுவரோரம். அங்கே கோவைக்கொடி ஒரு கூடாரமே போட்டிருந்தது. கொத்தாகப் பிடித்து இழுத்ததில் கூடவே வேறொரு குச்சியும் முறிந்து வந்தது. நல்லவேளை, தூக்கி எறியவில்லை. ஒரே காம்பில் எதிரெதிராகச் சின்ன இலைகள், நுனியில் ஒன்று மட்டும் பெரிது. எண்ணினேன், ஏழு. பிச்சி! அடித்தண்டு கட்டைவிரல் பருமன். நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை. பள்ளிக்கூடம் போகும்போது எங்கள் தலையில் இருந்த பூவெல்லாம் இந்தக் கொடியில் பறித்ததுதான். முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, எருவும் தண்ணீரும் விட்டோம்.

மூன்றாவது வட்டம் கிணற்றுக்குப் பின்னால், எட்டாத மூலையில். அதற்குள் ஒன்றுமே இல்லை, வெறும் மண். அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன வச்சேன்னு ஞாபகம் வரலியே. கிளறாம விடு" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

* * *

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். நீங்கள் கையால் எடுத்ததே புண்ணியம். நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம் தாத்தா வீட்டில் ஜேசிபி வைத்து வழித்தோம். அரை நாள் வேலை, பார்க்க ஜம்மென்று இருந்தது. மேல்மண்ணும் அதோடு போய்விட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது. அடுத்த மழைக்கு முளைத்தது பார்த்தீனியம் மட்டும்தான். அப்பத்தாவின் இருவாட்சிப் பூச்செடி எந்த லோடில் போனதோ.

* * *

எங்கட கதையும் கேளுங்கோ. எங்கட வீட்டு வளவு யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில். 1990இல் போரால் இடம்பெயர்ந்தோம். ஆமி காணியை விடுவித்தபோது, 27 வருசத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடமே தெரியவில்லை, முழுக்க நாயுண்ணிப் பற்றை. எல்லைக் கல்லையும் காணவில்லை. எந்தத் துண்டு எங்கட என்று அண்ணா அளந்துகொண்டு நிற்க, மாமி தன்பாட்டில் பற்றைக்குள் போய்விட்டா. திரும்பி வரும்போது கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. "கிணறு இந்தப் பக்கம்தான்" என்று சொன்னா. கிணற்றடியில் நின்ற பழைய மரம் பட்டுப்போய், அதன் வேரிலிருந்து வெடித்த கன்றுகள் ஒரு சின்னத் தோப்பாக நின்றன. வெட்டிக்கொண்டு போக, பத்தடி தள்ளிக் கிணற்றுக்கட்டு வந்தது. அன்றைக்குச் சமைக்க அடுப்பில்லை. ஆனாலும் மாமி அந்த இலையைப் பையில் வைத்து மூடிக்கொண்டுதான் வந்தா.

* * *

மறுபடி நான்தான், அம்பாசமுத்திரம். ஜூன் சாரலுக்குப் பிறகு ஆச்சியின் பேரன் போனில் ஒரு படம் அனுப்பினான். மூன்றாவது வட்டத்தில் ஒரு முளை, ஒரு சாண் உயரம். இலையின் நுனி நூலாக நீண்டு சுருண்டு, பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றுக் குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஒரு பார்வைதான்.

"செங்காந்தள்லா! கிழங்கு விஷம்னுதான் நீங்க யாரும் தொடாத மூலைல வச்சேன். அந்தப் பயகிட்ட ஒரு கம்பு ஊனச் சொல்லு. கையக் கழுவிட்டுச் சாப்பிடச் சொல்லு."

கம்பு ஊன்றியாகிவிட்டது. பிச்சியும் துளிர்த்திருக்கிறதாம்.