பதில்: கண்ணாடியைப் பிடித்து நிற்கும் அந்த இரும்புக்கு என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார் சைக்கிளின் முன்னால் காற்றைத் தடுக்க நிற்கும் கண்ணாடியை (வைசர்) வண்டியோடு பிடித்து வைக்கும் பிராக்கெட்டுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்ற இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். பேசாமல் 'பிராக்கெட்' என்றே எழுதிவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். வாய்ப்பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் நாம் எழுதுவது அந்தப் பாகத்தைக் கழற்றி மாற்றும் முறை பற்றிய குறிப்பு. அதில் பிராக்கெட், கிளாம்ப், லக், மவுண்ட் என நான்கு சொற்கள் வருகின்றன. நான்கும் நான்கு பாகம். கடையில் போய்க் கேட்டால் நான்கையுமே 'வைசர் கிளாம்பு' என்கிறார்கள். குறிப்பைப் படிக்கிறவர் தவறான போல்ட்டில் ஸ்பானரை வைத்தால் முகப்பு விளக்கும் சேர்ந்து கையோடு வந்துவிடும். அதனால் சொல் தேவைதான்.

சொல்லைத் தேடுவதற்கு முன்னால் அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். என் நெடுந்தூர வண்டியில் அது ஒடிந்தது போன ஆனியில், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும்போது, முப்பந்தல் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அந்த மாதங்களில் காற்று எப்படி வரும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அத்தனை காற்றாலைகளை அங்கே நட்டிருப்பதே அதற்காகத்தான். முதலில் கிறீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் கண்ணாடி இடது பக்கமாகச் சாய்ந்து ஆட ஆரம்பித்தது. ஓரங்கட்டிப் பார்த்தேன். இடது பக்கத்து இரும்பு, போல்ட் துளைக்குக் கீழே, வளைவு தொடங்கும் இடத்தில் ஒடிந்திருந்தது.

ஒடிந்த முகத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். முக்கால் பங்கு வழவழப்பாக, பழுப்பேறி, அறுத்த மரத்தில் தெரிகிற வளையங்களைப் போல மெல்லிய வரிகளோடு இருந்தது. மீதிக் கால் பங்கு மட்டும் கற்கண்டை உடைத்தது போலச் சொரசொரப்பாக, புதிதாக மின்னியது. அன்றைக்கு ஒடிந்தது அந்தக் கால் பங்குதான். மற்ற முக்கால் பங்கில் விரிசல் பல நாளாக மெல்ல மெல்ல ஊர்ந்து வந்திருக்கிறது. பாடநூல்கள் இதை உலோகச் சோர்வு என்கின்றன. பிரஷ்யாவில் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளை வைத்து ஆராய்ந்தது இதைத்தான். இரும்பை ஒரே தடவையில் ஒடிக்கத் தேவைப்படும் விசையைவிடச் சின்ன விசையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தே அதை ஒடித்துவிடலாம். ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால், ஒரு மணி நேரத்தில் 2,40,000 முறை அந்த இரும்பு அதிர்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கண்ணாடியின் எடை ஒரு கிலோ அளவுதான். அதன் பரப்பு 1,500 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதை ஏறத்தாழ ஏழு கிலோ எடையளவு விசையோடு தள்ளும். வண்டி 80இல் போய், எதிர்க்காற்று 40இல் அடித்தால் அது பத்து கிலோ ஆகிவிடும். அதாவது இந்தப் பாகத்துக்குச் சுமை பெரிய காரியமே இல்லை. காற்றுக்கும் அதிர்வுக்கும் நடுவில் கண்ணாடியை விடாமல் பிடித்திருப்பதுதான் அதன் வேலை.

அதனால்தான் பெரும்பாலோர் ஒத்துக்கொண்ட 'தாங்கி' எனக்குச் சரியாகப் படவில்லை. தாங்குவது என்றால் எடையைத் தாங்குவது என்றுதான் மனம் முதலில் எடுத்துக்கொள்ளும். தவிர, பேரிங்குக்குத் தாங்கி என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். சக்கரத்திலும் தாங்கி, கண்ணாடியிலும் தாங்கி என்றால் எந்தத் தாங்கி? யாழ்ப்பாணத்து நண்பர் ஒரே வரியில் எழுதியது இன்னும் வலுவானது: "எங்களுக்கு எரிபொருள் தாங்கி எண்டால் பெற்றோல் இருக்கிற இடம்." மோட்டார் சைக்கிளைப் பற்றிய குறிப்பில் அவர்கள் ஊரில் டேங்க் என்று பொருள்படும் சொல்லை இங்கே போடக் கூடாது. ஈழத்து வாசகர்களையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

'முட்டு' என்று கோவை நண்பர் சொன்னது என்னைக் கொஞ்ச நேரம் அசைத்தது. வண்டியை ஓரங்கட்டிய இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. வாசலில் ஓலைத்தட்டி. அதைத் தூக்கிப் பின்னாலிருந்து ஒரு மூங்கில் கம்பை முட்டுக் கொடுத்திருந்தார் கடைக்காரப் பெரியவர். முதல் பார்வைக்கு என் வண்டியில் இருப்பதும் அதேதான்: முன்னால் தட்டி, பின்னால் முட்டு. ஆனால் முட்டு ஒரு பக்கத்துத் தள்ளலுக்குத்தான் ஈடு கொடுக்கும். எதிரே ஒரு பேருந்து வேகமாகத் தாண்டும்போது காற்று முதலில் கண்ணாடியைத் தள்ளும், அடுத்த நொடியே இழுக்கும். இழுக்கிறபோது முட்டு விழுந்துவிடும். அந்தப் பெரியவரும் வெறும் முட்டோடு விடவில்லை. கம்பின் தலையைத் தட்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார், அதுவும் கொஞ்சம் தொளதொளப்பாக. ஏன் இறுக்கவில்லை என்று கேட்டேன். "இறுக்கிக் கட்டுனா காத்து கம்பையே ஒடிச்சிரும் தம்பி, கொஞ்சம் ஆட விடணும்" என்றார். என் வண்டியில் இல்லாமல் போனது அதுதான். இரும்புக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவில், கொஞ்சம் ஆட விடுகிற ரப்பர் புஷ் (ரப்பர் வளையம்) எதுவும் கிடையாது.

அங்கே எனக்கு இன்னொரு சொல்லும் கிடைத்தது. கண்ணாடி என்று எழுதினாலும் அது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட். அதைக் 'காற்றுத்தட்டி' என்றே எழுதலாமே? தட்டி என்றால் தேர்தல் விளம்பரத் தட்டி நினைவுக்கு வரும் என்று ஒருவர் சொல்லக்கூடும். முன்னால் 'காற்று' நிற்கும்போது குழப்பம் வராது.

கல்வெட்டு படிக்கிற ஐயா சொன்ன 'போதிகை' அழகான சொல். கோயில் தூணின் தலையில் நின்று உத்திரத்தை ஏந்துகிற கல். பல்லவர் காலத்து அலை வடிவப் போதிகையும், நாயக்கர் காலத்துப் பூமொட்டுப் போதிகையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஐயா, போதிகை மேலிருந்து வரும் பாரத்தை வாங்குகிற கல். நம் பாகத்துக்கு அந்த வேலை இல்லை. கட்டடக் கலையிலேயே அது இருக்கட்டும்.

'பற்றுக்கோடு' பற்றியும் ஒரு வார்த்தை. கொடி பற்றிக்கொள்ளும் கிளைதான் பற்றுக்கோடு. இங்கே திசை தலைகீழ்: பற்றுவது இரும்பு, பற்றப்படுவது தட்டி. கோடு என்றால் இன்றைக்கு வரைகிற கோடு என்பதும் சிக்கல். அதைக் கொஞ்சம் திருத்தி, பற்றிக்கொள்ளும் கை என்ற பொருளில் 'பற்றுக்கை' என்று எழுதலாம் என நினைத்திருந்தேன். கைமரம், நாற்காலியின் கை என்று மரவேலையில் 'கை' ஏற்கெனவே புழங்குகிறது. இது போதும் என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

மறுநாள் நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் புதுப் பாகம் செய்யக் கொடுத்தேன். பட்டறைத் தம்பி உடைந்ததை வாங்கிப் பார்த்து, "அண்ணே, பத்த வச்சா நிக்காது, பக்கத்துலயே ஒடியும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சரியான பேச்சு. பற்றவைத்த இடத்தின் ஓரம் அடுத்த விரிசலுக்கு நல்ல இடம். அலுமினியமும் வேண்டாம் என்று நான் சொன்னேன். எஃகில் ஓர் அளவுக்குக் கீழ் இருக்கும் விசை எத்தனை முறை வந்தாலும் சோர்வு ஏறாது, அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. முன்னதைவிடத் தடிமனான எஃகுப் பட்டையை, கூர்மையாக மடிக்காமல் அகலமான வளைவாக வளைத்து, துளைகளின் விளிம்பில் இருந்த பிசிறை அரத்தால் ராவிக் கொடுத்தார். அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது இந்த இழையைப் பற்றிச் சொல்லி, 'பற்றுக்கை' எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பத்துக் கையா? ரெண்டு பக்கமும் சேத்து ரெண்டுதானண்ணே இருக்கு" என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பற்று நம் வாயில் பத்துதான். 'பத்த வை' என்று அவரே ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சொன்னார். எழுத்தில் நன்றாக இருந்து வாயில் வேறு பொருளாகிவிடுகிற சொல் பட்டறைக்கு உதவாது. அதனால் பற்றுக்கையைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதிலாக நான் முன்வைப்பது 'பிடிகை'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை: பிடித்த, பிடிக்கிற, பிடிக்கும் கை. நடுவில் 'க்' மிகாது. எழுத்திலும் பேச்சிலும் ஒரே ஒலி. கைப்பிடி என்றால் ஹேண்டில்பார், பிடிகை என்றால் பிராக்கெட். தம்பி இதை ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "பிடிகை ஒடிஞ்சு போச்சு, சரியாத்தான் இருக்கு" என்றார். குழாயைச் சுற்றி இறுக்குகிற கிளாம்புக்குக் 'கவ்வி' என்பதில் எனக்கு மறுப்பில்லை. துளையோடு நீட்டிக்கொண்டிருக்கும் முனையான லக்குக்குப் பட்டறையில் வழங்கும் 'காது' என்பதையே வைத்துக்கொள்வோம். அண்டாவுக்கும் வாணலிக்கும் இருக்கும் அதே காது.

சொற்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, நம் குறிப்பின் அந்தப் பகுதியை எழுதிப் பார்த்தேன்:

"முதலில் காற்றுத்தட்டியின் நான்கு திருகாணிகளையும் கழற்றி, தட்டியைத் துணி விரித்த இடத்தில் வையுங்கள். கவ்விகளைத் தொட வேண்டாம். பழைய பிடிகையைச் சட்டத்திலிருந்து கழற்றி, வளைவிலும் காதுகளிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒடிந்திருந்தால் இரண்டு பிடிகைகளையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே அளவு அதிர்ந்தவை. புதுப் பிடிகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் புஷ் வையுங்கள். தட்டியைத் திரும்ப வைத்து, அதன் திருகாணியை அடியில் உள்ள ரப்பர் வாஷர் லேசாகப் புடைக்கும் வரை மட்டும் முறுக்குங்கள். அதற்கு மேல் போனால் தட்டி துளையிலிருந்து விரிசல் விடும். திருகாணி கழலாமல் இருக்க மரையில் விடும் பசையைத் தட்டிக்குப் பக்கத்தில் பயன்படுத்தாதீர்கள். அது பாலிகார்பனேட்டை விரிசல் விடச் செய்யும். பெட்ரோல் நனைந்த துணியால் துடைப்பதும் அப்படியே."

படித்துப் பாருங்கள். எனக்கு எங்கும் தடுக்கவில்லை. 'மவுண்ட்' மட்டும் இன்னும் பாக்கி. பிடிகை போய் அமர்கிற இடம் அது. 'இருக்கை' என்று எழுதினால் சீட்டோடு குழம்பும். யாழ்ப்பாணத்து நண்பர் அங்குள்ள கராச்சில் (பட்டறையில்) இதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா? குறிப்பின் இரண்டாம் பகுதி அந்தச் சொல்லுக்காகத்தான் நிற்கிறது.

அன்புடன்.