கிருஷ்ணகிரியில் உருவப்படம்: எப்படித் தயாராவது?

கேள்வி: ஓசூரில் பணியில் சேரவிருக்கும் நான், கிருஷ்ணகிரி ஸ்டூடியோ ஒன்றில் உருவப்படம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், கண்ணாடி அணிபவன் என்பதால், எவற்றைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1: நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அக்கோடுகளும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, துணியில் இல்லாத அலைகளைப் படத்தில் காட்டிவிடும். என் தம்பியின் படம் அப்படித்தான் வீணாயிற்று. ஒற்றை நிறச் சட்டையைத் தேய்த்து, ஹேங்கரில் மாட்டியே எடுத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 2: கண்ணாடியைக் கழற்ற வேண்டாம் நண்பரே, அன்றாடம் உங்களைக் காண்பவர்களுக்கு அதுதான் உங்கள் முகம். வில்லையில் விளக்கொளி தெரிந்தால், காதருகே பிரேமின் தண்டைச் சற்றே உயர்த்துங்கள். வில்லை கீழ்நோக்கிச் சாய்ந்து ஒளி விலகிவிடும்.

மறுமொழி 3: முடிவெட்டுவதை 3, 4 நாள் முன்பே முடித்துவிடுங்கள். பேருந்தில் சென்றால், முகம் கழுவி, வியர்வை அடங்கிய பிறகே கேமரா முன் அமருங்கள்.