பிரெவினின் சிரிக்காத முகம்

1971 நத்தார் இரவு. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்து மூன்று மாதம். இலங்கைக்கு ரீவி வந்ததே 1979இல்தான், ஆகவே எனக்கு அது புதுப்பொருள். அறையில் தனியே கிடந்த என்னை வீட்டுக்கார அம்மா கீழே கூப்பிட்டு, தன் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் இருத்தினார்.

பிபிசியில் எரிக் மொர்க்கமும் ஏர்னி வைஸும், பிரிட்டனின் புகழ்பெற்ற நகைச்சுவை இரட்டையர். விருந்தாளி ஆந்த்ரே பிரெவின். அப்போது அவர் லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் தலைமை நடத்துநர். எரிக் அவரை "அன்ட்ரூ பிரிவியூ" என்று கூப்பிட்டார். வயலின் மேதை மெனுஹின் வாசிப்பார் என்று நம்பி வந்த பிரெவினுக்கு, எரிக் பியானோ வாசிக்கப்போகிறார் என்ற செய்தி. நோர்வே இசையமைப்பாளர் கிரீக், பியானோவுக்கும் இசைக்குழுவுக்கும் எழுதிய கொன்சேர்ட்டோ. ஆரம்ப இசை நீளம் போதாது, எழுதியவரோடு தொடர்பு கொள்ள முடியாதா என்று எரிக் கேட்கிறார். கிரீக் செத்து அறுபது வருடத்துக்கு மேல்!

பிறகு வாசித்தார். ஸ்வரங்கள் எல்லாம் தலைகீழ். பிரெவின் கண்டித்ததும் எரிக் எழும்பி அவருடைய கோட்டைப் பிடித்து, எல்லாம் சரியான ஸ்வரங்கள்தான், வரிசைதான் கொஞ்சம் மாறியிருக்கலாம் என்றார். வீட்டுக்கார அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். என் ஆங்கிலம் பாடப்புத்தக ஆங்கிலம், அன்றைய பகிடிகளில் பாதி விளங்கவில்லை. ஆனால் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. நானும் சிரித்தேன். லண்டனில் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிரெவின் மட்டும் சிரிக்கவேயில்லை. அந்த முகத்தை இன்றும் மறக்கவில்லை. தானும் ஒரு பகிடி விட்டுப் பார்ப்போம் என்று அவர் கொஞ்சம் எண்ணியிருந்தாலும் எல்லாம் கெட்டிருக்கும். உண்மையான ஒத்திகையில் நிற்கும் நடத்துநரைப்போலவே கடைசிவரை நின்றார். சுகமில்லாத தாயைப் பார்க்க அமெரிக்கா போய்த் திரும்பியவர், விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சியில்தான் வசனங்களைப் பாடமாக்கினாராம். பிறகு எத்தனையோ வருடம் லண்டன் டாக்சிக்காரர்கள் அவரை "மிஸ்டர் பிரிவியூ" என்றுதான் அழைத்தார்களாம். அவரே சொன்னது.

அதன்பின் நத்தார் என்றாலே எனக்கு அவர்கள்தான். முன்பு நிகழ்ச்சியில் நடித்ததற்கு இன்னும் காசு தரவில்லை என்று நடிகர் பீட்டர் குஷிங் வருடக்கணக்காக மேடைக்கு வந்து வந்து கேட்பார். 1976இல் செய்தி மேசைக்குப் பின்னால் மட்டுமே கண்டிருந்த செய்தி வாசிப்பாளர் அஞ்சலா ரிப்பன் எழும்பி, காலைத் தூக்கி ஆடினார். நாடே வாய் பிளந்தது. 1954இல் இதே இருவரும் செய்த முதல் தொடர் படுதோல்வி. ரீவிப் பெட்டி என்பது இவர்களைப் புதைத்த பெட்டி என்று ஒரு பத்திரிகை எழுதியதாம். அந்தத் துண்டை எரிக் பல வருடம் பணப்பையில் வைத்திருந்தார். விருந்தாளி அவமானப்படாமல் சிரிப்பு வரவேண்டும் என்ற கவனம் அந்த அடியிலிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம்.

பணி ஓய்வுக்குப் பிறகு, எரிக் பிறந்த மொர்க்கம் கடற்கரைக்குப் போனேன். 1999இல் மகாராணி திறந்துவைத்த சிலை அங்கே ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது. கழுத்தில் பைனாகுலர், பறவை பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு பிரியம். பக்கத்தில் நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரர் என்னைப் பார்த்து "எல்லாம் சரியான ஸ்வரங்கள்தான்..." என்று தொடங்கினார். மிச்சத்தை நான் சொன்னேன். அவருடைய மனைவி எங்கள் இருவரையும் சிலைக்குக் கீழே நிற்கச் சொன்னார். நாங்களும் ஒரு காலைத் தூக்கினோம். அந்தப் படம் என் மேசையில் இருக்கிறது.