அவசரம்: மொரிஷியஸ்ல கார் ஓட்டலாமா? சின்ன பிளேன் சேஃபா?

புதுசா_போறேன்: ஃபேமிலியோட போறோம், கார் வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கேன், நடுவுல இன்னொரு தீவுக்கு சின்ன பிளேனாம், இறக்கைல ஃபேன் (ப்ரொபெல்லர்) இருக்குற அதோட போட்டோவ பாத்ததுல இருந்து வீட்டம்மா வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. சீக்கிரம் சொல்லுங்க, நைட் புக் பண்ணணும்.

டெல்டாக்காரன்: எந்த மாசம்? எந்த தீவு, ரோட்ரிக்ஸா? குழந்தைங்க இருக்கா?

மலைரோடு: நம்மூர் மாதிரியே இடது பக்கம்தான், ஏர்போர்ட்ல இருந்து போர்ட் லூயிஸ் வரைக்கும் மோட்டார்வே சூப்பரா இருக்கும். உள்ள இறங்குனாதான் சிக்கல், கரும்புக்காட்டுக்கு நடுவுல ஒல்லி ரோடு, நடக்குறவங்களுக்கு ஓரமே கிடையாது, இருட்டுல ஆளு பக்கத்துல வந்தப்புறம்தான் தெரியும், நாய் வேற. பொழுது சாஞ்சா நான் வண்டிய தொடவே மாட்டேன். மஞ்சள் போர்டு வண்டியா பாத்து எடுங்க, வாடகைக்கு விட லைசென்ஸ் உள்ளது அதுதான். ஐடிபி, அதான் வெளிநாட்டுல வண்டி ஓட்ட எடுக்குற பெர்மிட், இருக்கா?

சீனியர்_பயணி: மாசத்துக்கு நாலு தடவை இதே கேள்வி. தேடிப் பாத்தா கை வலிக்குமா? அது சின்ன பிளேன் இல்ல தம்பி, ஏடிஆர் 72, எழுபது பேர் போகலாம்.

விசிறி_ஆகாது: எத்தனை பேர் போனா என்ன, ஃபேன் வச்ச பிளேன்தானே. ஏன் ஜெட் விடமாட்டேங்குறான்?

சீனியர்_பயணி: அந்த தீவுல ஜெட்டுக்கு ரன்வே நீளம் பத்தாது. அந்த ஃபேனை சுத்துறதும் ஜெட்ல இருக்குற மாதிரி டர்பைன்தான், ஒரு இன்ஜின் நின்னாலும் இன்னொன்னுல இறங்கிரும். படிங்க கொஞ்சம்.

விசிறி_ஆகாது: ஒன்றரை மணி நேரம் கடலுக்கு மேல ஆடிக்கிட்டே போனவன் நான், நீங்க படிச்சவரு.

சீனியர்_பயணி: ஆடுறதும் விழுறதும் ஒண்ணா?

டெல்டாக்காரன்: சண்டைய அப்புறம் வச்சுக்கலாம், மாசம் என்னன்னு இன்னும் சொல்லலியே அவரு.

புதுசா_போறேன்: சாரி, ஜனவரி கடைசி. ரோட்ரிக்ஸ்தான். அங்க இருந்து திரும்புற அன்னிக்கே நைட் ஊருக்கு ஃபிளைட்.

டெல்டாக்காரன்: அட, இதையில்ல முதல்ல சொல்லணும்! அது புயல் சீசன். எச்சரிக்கை 1ல இருந்து 4 வரைக்கும், 3 ஏத்துனா பஸ் ஓடாது, ஏர்போர்ட்டும் மூடிருவாங்க. 2024 ஜனவரில பெலால் புயல் வந்தப்ப போர்ட் லூயிஸ்ல காரெல்லாம் மிதந்துச்சு. ஃபேன பத்தி யோசிக்கிற நேரத்துல தேதிய மாத்துங்க, ரோட்ரிக்ஸ முதல்லயே முடிச்சிருங்க, கடைசி ரெண்டு மூணு நாள் மெயின் தீவுல இருக்கணும். இல்ல புயல் வந்துச்சுனா ரோட்ரிக்ஸ்ல உக்காந்துக்கிட்டு ஊருக்கு போற ஃபிளைட்டுக்கு டாட்டா காட்ட வேண்டியதுதான்.

மலைரோடு: தைப்பூசமும் அப்பதான் வரும், அங்க கவர்மெண்ட் லீவு, காவடி ரோட்டோட வரும். கோயில் பக்கம் வண்டிய விட்றாதீங்க. ஐடிபி கேட்டேனே?

புதுசா_போறேன்: ரோட்ரிக்ஸ முன்னாடி மாத்திட்டேன், நன்றி. வீட்டம்மா இன்னும் ஃபேன் போட்டோவத்தான் பாத்துட்டு இருக்காங்க.

விசிறி_ஆகாது: தெளிவா இருக்காங்க.