லூயிஸ் ஹைன் படங்கள்: அடிக்குறிப்பு இல்லாமல் மாட்டலாமா?

ஜன்னலோரம்:
எங்கள் ஊர் நூலகத்தில் குழந்தைத் தொழிலாளர் பற்றிச் சின்னதாய் ஒரு கண்காட்சி வைக்கிறோம். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் எடுத்த படங்களில் பன்னிரண்டு பிரிண்ட் போட்டாச்சு. அவர் எழுதிய குறிப்புகளையும் கீழே ஒட்டணுமா? படமே பேசும், எழுத்து வேண்டாம் என்கிறார்கள் கூட இருப்பவர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

தறிச்சத்தம்:
கண்டிப்பாக ஒட்டுங்கள். அந்தக் குறிப்புக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1908-லிருந்து, பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஊர் ஊராய்ப் போனார். மில்லுக்குள் விடமாட்டார்கள். பைபிள் விற்கிறேன், போஸ்ட் கார்டு விற்கிறேன் என்று ஏதாவது சொல்லி நுழைவார். பிள்ளைகளின் உயரத்தை டேப்பை எடுத்து அளக்க முடியாதே! தன் கோட்டுப் பொத்தான் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று முன்பே தெரிந்து வைத்திருந்தார். பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் தலை எந்தப் பொத்தானுக்கு எட்டுகிறது என்று பார்த்துக்கொள்வார். பைக்குள் விட்ட கையாலேயே குறித்தும் கொள்வார்.

வட கரோலினா விட்னல் பஞ்சாலைச் சிறுமியின் படம் உங்களிடம் இருக்கிறதா? உயரம் 51 அங்குலம். ஒரு நாள் கூலி 48 சென்ட். ராத்திரி வேலையும் பார்த்திருக்கிறாள். வயசு கேட்டதற்குத் தயங்கி, ஞாபகமில்லை என்றாளாம். அப்புறம் ரகசியமாக, வேலைக்குப் போகிற வயசு எனக்கு ஆகலை, ஆனாலும் செய்கிறேன் என்றிருக்கிறாள். இதை எடுத்துவிட்டால் மெஷின் பக்கத்தில் நிற்கும் ஓர் அழகான பிள்ளைதான் மிச்சம்.

என் அம்மா பதினோரு வயதில் ஸ்பின்னிங் மில்லுக்குப் போனவர். இந்தக் குறிப்பைப் படித்துக் காட்டினேன். "அங்கேயும் வயசைக் கேட்டா முழிக்கணுமா?" என்றார். வெகுநேரம் அந்தப் படத்தைக் கீழே வைக்கவில்லை.

கரிசல்காடு:
5,000-க்கும் மேற்பட்ட படங்கள் குறிப்போடு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தளத்தில் இருக்கின்றன. ஒன்று மட்டும் சொல்லணும், படம் வந்தது, சட்டம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்த வந்த 1916 சட்டத்தை 1918-லேயே உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. நிலைத்த சட்டம் 1938-ல்தான் வந்தது. இரண்டே வருஷத்தில், 1940-ல், ஹைன் வறுமையில் செத்துப்போனார். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

ஜன்னலோரம்:
ஒட்டுகிறோம். நேற்றுச் சுவரில் 51 அங்குலத்தில் பென்சிலால் கோடு போட்டேன். புத்தகம் மாற்ற வந்த நாலாங்கிளாஸ் பிள்ளை அதன் அடியில் போய் நின்றாள். சரியாக இருந்தது.