முதலாளி மீது வங்கி மோசடிப் புகார்: அருகிலிருந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவர்:
எங்கள் கிளையில் ஓர் ஏற்றுமதியாளரின் கணக்கு இருந்தது. அவர் வந்தால் மேலாளரே வாசல்வரை போவார். அவருடைய சரக்கு முழுவதையும் துபாயில் ஒரே நிறுவனம்தான் வாங்கியது. பணமோ கெடு தாண்டித்தான் வரும், அதுவும் வேறொரு நாட்டிலிருந்து, வேறொரு பெயரில். பழைய கடனை அடைக்கப் புதிய கடன் கொடுத்துக்கொண்டே இருந்தோம். வாங்குபவர் யார் என்று கேட்டுக் குறிப்பு எழுதினேன். 'பெரிய வாடிக்கையாளர், தொந்தரவு வேண்டாம்' என்று கோப்பு திரும்பி வந்தது. எல்லாம் வாராக்கடனான பிறகு, மோசடியைத் தோண்டிப் பார்க்க நடந்த தடயவியல் தணிக்கையில், அந்தத் துபாய் நிறுவனம், உரிமையாளர் பெயர் எளிதில் வெளியே தெரியாத பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் அவருடைய உறவினர் பெயரில் பதிவான ஒன்றுக்குச் சொந்தம் என்று தெரிந்தது.

2018இல் பஞ்சாப் நேஷனல் வங்கியில் வைர வியாபாரி நீரவ் மோடி, அவருடைய உறவினர் மெகுல் சோக்சி ஆகியோர் மீதான 13,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மோசடிப் புகார் வெடித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. மும்பைக் கிளையிலிருந்து, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகப் போன பொறுப்புறுதிக் கடிதங்கள் (வாடிக்கையாளர் வெளிநாட்டில் வாங்கும் கடனுக்கு வங்கி தரும் உத்தரவாதம்) வங்கியின் மையக் கணினிப் பதிவில் ஏறவேயில்லை. இரண்டும் இணைக்கப்படவில்லை. அந்த மார்ச்சில் ரிசர்வ் வங்கி அத்தகைய கடிதங்களையே நிறுத்தியது. சரியான முடிவு. ஆனால் கேள்வி கேட்கும் கீழ்நிலை அதிகாரிக்கு யார் துணை?

அட்டைப்பெட்டி தயாரிப்பவர்:
வங்கி ஐயா சொல்பவரைப் போன்ற ஒருவருக்குத்தான் நாங்கள் பெட்டி கொடுத்தோம். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கேட்கும்போதெல்லாம் 'வெளிநாட்டுப் பணம் வரட்டும்' என்றார்கள். பிறகு திவால் நடவடிக்கை தொடங்கியது. சொத்தை ஈடாகப் பெற்றிருந்த வங்கிகள் வரிசையில் முன்னால், நாங்கள் கடைசியில். ஒரு ரூபாயும் வரவில்லை. வங்கிப் பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்தினார் என்பது இன்னும் புகார்தான், நீதிமன்றம் தீர்ப்பளிக்கட்டும். எங்கள் பாக்கி அப்படியல்ல. ஒவ்வொரு பில்லிலும் அவர்களுடைய கையெழுத்து இருக்கிறது.

கணக்குத் தணிக்கையாளர்:
வெளிநாட்டில் கணக்கு வைத்திருப்பதே குற்றம் என்று நினைக்காதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி தனிநபர் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். வருமான வரிப் படிவத்தில் அதை மறைப்பதுதான் சிக்கல்; 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் அங்கேதான் பாய்கிறது. 2016இல், வெளிநாட்டு நிறுவனங்களின் பின்னால் இருப்பவர்களைக் காட்டிய பனாமா ஆவணங்கள் கசிந்து வெளியானதும் ஒரு வாடிக்கையாளர் என்னிடம் ஓடி வந்து, முன்தேதியிட்ட கடன் ஒப்பந்தத்துக்குச் சான்று கேட்டார். மறுத்தேன். வேறொரு தணிக்கையாளரிடம் போய்விட்டார்.

பெட்டி கொடுத்தவருக்கு ஒன்று: இனிப் பெரிய ஆர்டர் வந்தால், அந்த நிறுவனத்தின் சொத்துகள் எந்த வங்கிகளிடம் ஈட்டில் இருக்கின்றன என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவில் பாருங்கள். ஆண்டறிக்கையில் 'தொடர்புடைய தரப்பினர்' பகுதியை (முதலாளியின் உறவினர்களோடும் அவர்களுடைய நிறுவனங்களோடும் நடந்த கொடுக்கல் வாங்கல்) முதலில் படியுங்கள்.